தளத்தில் போட்ட காற்று

அன்று சனிக்கிழமை. அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கட்டட வடிவமைப்புப் பொறியாளர் ஜெயசீலி, வயது முப்பத்தாறு. அவரிடம் கணினியில் கணக்குப் போடக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்த வைரமணி, வயது ஐம்பத்துமூன்று. வரைபடம் போடும் மிக்கேல். நான்காவது ஆள், விடுதி கட்டுகிறவர்களின் மேனேஜர் அருணகிரி. தூத்துக்குடிக் கடற்கரையில் ஆறு மாடிப் பெண்கள் விடுதி. அதன் வரைபடத்தைக் கையோடு வாங்கிப் போகத்தான் அவர் வந்திருந்தார்.

வைரமணி தனியாகக் கணக்குப் போட்ட முதல் கட்டடம் அது. ஜெயசீலி கையெழுத்துப் போட்டுவிட்டால், வரைபடத்தின் மூலையில் ‘வடிவமைத்தவர்’ என்ற கட்டத்தில் வைரமணியின் பெயர் வரும். காலமெல்லாம் வெயிலில் நின்று மேஸ்திரிகளிடம் வேலை வாங்கியவருக்கு அந்தச் சின்னக் கட்டத்தின் மேல் பெரிய ஆசை.

ஜெயசீலி திரையைப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை.

“கணக்குல காற்றை எங்க போட்டீங்க சார்?”

“தளத்துலதான் மேடம். காத்து சுவரைத் தள்ளும், சுவர் தளத்தைத் தள்ளும், தளம் அதைத் தூணுக்கும் லிஃப்ட் சுவருக்கும் பங்கு வச்சுக் குடுக்கும். மாடிக்கு மாடி போட்டிருக்கேன். மேலே போட்ட காத்தும் அடியில அஸ்திவாரத்துக்கு வந்ததும் சரிக்குச் சரி. மிச்சம் பூஜ்யம்.”

“ரொம்ப நல்லா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு.”

வைரமணிக்குச் சுருக்கென்றது. நல்லா இருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? தன் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறுவது இந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லையோ?

“உச்சி மாடியில மேற்குக் கட்டடம் எவ்வளவு அசையுது?”

“ஒம்பது மில்லிமீட்டர்.”

“கிழக்குக் கட்டடம்?”

“அதுவும் ஒம்பதுதான்.”

விடுதி இரண்டு கட்டடங்கள். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கை அகலத்துக்கு வெறும் இடைவெளி. மேற்கில் அசையவிடாமல் பிடிக்கக் கனமான லிஃப்ட் சுவர் உண்டு. கிழக்கில் பதினாறு தூண்கள் மட்டும்.

“லிஃப்ட் சுவர் உள்ளதும் ஒம்பது. இல்லாததும் ஒம்பது,” என்றார் ஜெயசீலி.

வைரமணி மிக்கேல் பக்கம் திரும்பினார். “ஏலே, என் ஃபைலைத் தொட்டியா?”

“அண்ணாச்சி, டீ குடிக்கப் போனாலே பாஸ்வேர்டு போட்டுட்டுல்லா போறிய. நான் எங்க தொட?”

அருணகிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “எம்மா, திங்கக்கிழமை தூணுக்குக் கம்பி கட்டணும். ஆள் சொல்லியாச்சு. நீங்க மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டு இழுத்தடிக்கிற மாதிரில்லா இருக்கு.”

ஜெயசீலி எழுந்தார்.

“மேனேஜர் சார், அந்த ஜன்னல் கம்பியை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

“எதுக்கு?”

“கையெழுத்து வேணும்ல?”

முறைத்துக்கொண்டே பிடித்தார்.

“வைரமணி சார், அவர் பக்கத்துல நில்லுங்க. ஒரு கை அகலம் விட்டு. தொடக் கூடாது.”

நின்றார்.

“மிக்கேல், காற்று தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். சாரை உன் பக்கமா இழு.”

இதற்காகவே காத்திருந்தவன் போல மிக்கேல் இழுத்தான். வைரமணி தடுமாறிப் போய் பிரிண்டர் மேல் சாய்ந்தார்.

“ஏலே, நீ காத்தா, புயலா?”

“மேனேஜர் அவ்வளவு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே சார். நீங்க ஏன் போனீங்க?” என்றார் ஜெயசீலி.

“அவர் பிடிச்சா எனக்கென்ன மேடம்? நான் அவரைத் தொடவே இல்லையே!”

ஜெயசீலி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வைரமணி கசங்கிய சட்டையை இழுத்துவிட்டார். பாதி இழுத்த கை அப்படியே நின்றது.

மென்பொருளில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். ஒரே பெயர் உள்ள தளங்களை அது ஒரே பலகையாக எடுத்துக்கொள்ளும், சேர்த்தே நகர்த்தும். ஒரே மாடிதானே என்று அவர் இரண்டு கட்டடத்துத் தளங்களுக்கும் ஒரே பெயரைக் கொடுத்திருந்தார். ஆறு மாடியிலும் அப்படித்தான். கிழக்குக் கட்டடத்தின் காற்றை, இடைவெளியைத் தாண்டி வந்து, மேற்கின் லிஃப்ட் சுவர் தாங்கிக்கொண்டிருந்தது.

யாரிடமும் பேசாமல் பெயர்களைப் பிரித்தார். கணக்கை மறுபடி ஓடவிட்டார். முதலில் கூட்டுத்தொகையைத்தான் பார்த்தார்.

“மிச்சம் பூஜ்யம் மேடம்.” குரலில் ஒரு நிம்மதி.

“அது முன்னாலயும் பூஜ்யம்தான். தூணைப் பாருங்க.”

பார்த்தார். கிழக்குக் கட்டடத்தில் தாங்காத தூண்களெல்லாம் சிவப்பில் நின்றன.

அருணகிரி ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சிவப்பு என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“தாங்குற தூணுக்காவது கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா. அதை வச்சுத் திங்கக்கிழமை ஆரம்பிச்சிருதோம்.”

ஜெயசீலி பேனா மூடியைக் கழற்றினார். வைரமணியைப் பார்த்தார்.

“வடிவமைச்சவர் நீங்கதானே சார். எத்தனைக்குப் போடட்டும்?”

வைரமணி கிழக்கில் சிவப்பாகாத தூண்களைத் திரையில் விரல் வைத்து எண்ணினார். நம்பிக்கை வரவில்லை. மறுகோடியிலிருந்து மறுபடி எண்ணினார்.

“பதினாறுல நாலு.”