மேலே தொங்கிய கூடை

"நாய்க்குப் பால் கட்டியிருக்கு, பாத்தியா? குட்டிங்க குடிக்கலை போல."

சுனையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"சாமியாராகப் போறவருக்கு அதெல்லாம் எங்க தெரியும்," என்றாள் மற்றவள்.

சிவக்கொழுந்து காதில் விழாததுபோல் இரண்டு குடங்களையும் சிறிய இழுவண்டியில் ஏற்றினான். நாய் வெள்ளச்சி, வண்டியில் பூட்டிய தோல்வாரை இழுத்துக்கொண்டு குன்றேறத் தொடங்கியது. யாரும் ஓட்டவில்லை. அவன்தான் மூச்சிரைக்கப் பின்னால் போனான்.

குன்றின் மேலிருந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கை ஓங்காமல் ஓர் உயிரை வேலைக்குப் பழக்கிக் காட்டுகிறவனுக்குத்தான் காவி. சிவக்கொழுந்து பதினோரு வருஷமாகக் காத்திருந்தான். முன்பு மாட்டுவண்டி ஓட்டியவன். சாட்டை இல்லாமல் எதையும் நகர்த்தி அறியாதவன். யோசித்து யோசித்துக் கடைசியில், குட்டி போட்டிருந்த வெள்ளச்சியைப் பிடித்தான்.

நான்கு குட்டிகளையும் கூடையில் வைத்து மடத்து வாசல் புங்கமரத்தில் தொங்கவிட்டான். தண்ணீர் மேலே வந்து சேர்ந்தால் கூடை இறங்கும். சற்று நேரம் பால் கொடுக்கலாம். பிறகு கூடை ஏறிவிடும். மூன்றாம் நாளே வெள்ளச்சி ஓட்டமாக ஏறியது.

இன்றும் அப்படித்தான் வந்து நின்றது. அவன் குடங்களைத் தொட்டியில் கவிழ்த்து, வண்டியில் திரும்ப வைத்தான். நாய் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தது. வாலை ஆட்டியது. மெல்ல முனகியது. அவன் கயிற்றைத் தொடவில்லை. சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, நாய் வெறும் வண்டியோடு தானாகவே கீழே இறங்கியது.

வாசற்படியில் மடத்துத் தலைவர் தேசிகர் உட்கார்ந்திருந்தார்.

"பழகிவிட்டதா, கொழுந்து?"

"பழகிவிட்டது, சாமி. ஒரு அடி இல்லை. ஒரு அதட்டல்கூட இல்லை."

"பார்த்தேன். எதனால் இழுக்கிறது?"

"பாசம்தான், சாமி."

"இப்போது ஏன் கீழே போகிறது?"

"இன்னும் ஒரு நடை தண்ணீர் கொண்டுவந்தால் கூடை இறங்கும் என்று நினைக்கிறது."

"இறங்குமா?"

சிவக்கொழுந்து தொட்டியோரம் சிந்திய தண்ணீரைக் காலால் தள்ளினான்.

"குட்டி எத்தனை இருக்கிறது?"

"இல்லை, சாமி. குடிக்க விட்ட நேரம் போதவில்லை. ஒவ்வொன்றாக... கடைசிக் குட்டி முந்தாநாள்."

"எங்கே?"

"நந்தவனத்து மதிலோரம் புதைத்தேன். அது சுனைக்குப் போயிருந்த நேரம்."

"கூடையில்?"

"குட்டிகள் படுத்திருந்த சாக்கு."

"சாக்கில் வாசனை போய்விட்டால்?"

"அதற்குள் பழக்கமாகிவிடும், சாமி."

தேசிகர் எழுந்து உள்ளே போனார். மடித்த காவித் துணியோடு திரும்பினார். சிவக்கொழுந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

"வழக்கப்படி இது உன்னுடையது. நீ கை ஓங்கவில்லை."

"சாமி..."

"கட்டிக்கொள். ஆனால் அது வரட்டும். அதன் முன்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிக்கொள்."

தேசிகர் மறுபடி படியில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கீழே அந்தப் பெண்கள் இரக்கப்பட்டுக் குடங்களில் பாதி பாதி நிரப்பி அனுப்பியிருந்தார்கள். வெள்ளச்சி நேராக மரத்தடிக்கு வந்தது.

சிவக்கொழுந்து கயிற்றை அவிழ்த்தான். கூடை இறங்கியது.

நாய் தலையை உள்ளே விட்டது. சாக்கை முகர்ந்தது. மூக்கால் புரட்டிப் போட்டு அடியில் தேடியது. பிறகு அண்ணாந்து மரத்தைப் பார்த்தது. அவனைப் பார்த்தது.

அவன் காவியை வண்டியின் மேல் வைத்தான். தோல்வாரைக் கழற்றினான். மதிலை நோக்கி நடந்தான். வெள்ளச்சி பின்னாலேயே வந்தது. புதுமண்ணை ஒருமுறை முகர்ந்துவிட்டு, முன்னங்கால்களால் தோண்ட ஆரம்பித்தது.

சிவக்கொழுந்து அதன் பக்கத்தில் மண்டியிட்டு, தானும் கையால் தோண்டினான்.