தாழிக்குள் இருந்த துணை இயக்குநர்

உப்பிலிக்கோட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால், ரயில் நிற்காத ஊருக்கு அடுத்த ஊர் என்பார்கள். ரயில் இங்கேயும் நிற்காது. ஆனாலும் அந்த ஊரில் ஒரு அருங்காட்சியகம் உண்டு.

வெள்ளைக்காரன் காலத்தில் அங்கிருந்த ஜமீன்தார் ஒரு புலியைச் சுட்டார். சுட்டது அவரில்லை, கூடப் போன துரை என்றும் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ செத்தது புலிதான். அதற்கு வைக்கோல் அடைத்து வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார். அதைப் பார்த்துப் பார்த்து அவருடைய சம்சாரத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே புலிக்கென்று தனியாக ஒரு கட்டடம் கட்டினார். கட்டடம் புலிக்குப் பெரிதாகப் போய்விட்டது. மிச்ச இடத்தை நிரப்ப ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பழைய சாமான்களைச் சேர்த்தார்.

அப்படித்தான் கரை ஒதுங்கிய ஒரு திமிங்கலத்தின் தாடை எலும்பு வந்தது. ஆநிரை மீட்கப் போய் உயிரை விட்ட ஒரு வீரனுக்கு எடுத்த நடுகல் வந்தது; அதுவரை அது கண்மாய்க் கரையில் துணி துவைக்கும் கல்லாக இருந்தது. கிணறு வெட்டிய இடத்தில் ஒரு முதுமக்கள் தாழி கிடைத்தது. அந்தக் காலத்தில் செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த பெரிய மண்பானை அது. ஒரு ஆள் முழங்காலை மடக்கி உட்காரலாம். இவை போக, சோழர் காலமா பாண்டியர் காலமா என்று இரண்டு பண்டிதர்கள் வாதாடி, கடைசியில் சம்பந்தம் பேசியிருந்த கல்யாணத்தையே நிறுத்திவிட்ட ஒரு கல்வெட்டு.

ஊரார் யாரும் இதை அருங்காட்சியகம் என்று சொன்னதில்லை. செத்த காலேஜ் என்பார்கள். சொல்வார்களே தவிர, உள்ளே வரமாட்டார்கள்.

நம் காலத்தில் அதன் காப்பாட்சியர் ஞானசௌந்தரி என்ற அம்மாள். அவருக்குக் கீழே மூன்று பேர். தலைமை உதவியாளர் கோதண்டம், காவலாளி அய்யாக்கண்ணு, கூட்டிப் பெருக்கும் பவுனம்மாள். மூவரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அரசாங்க உத்தியோகத்தில் அது பெரிய குணம். ஞானசௌந்தரிக்கு அதுதான் பெரிய கவலை.

ஒரு வாரம் பார்த்து இரண்டு சங்கடம் சேர்ந்து வந்தது. ஞானசௌந்தரிக்குப் பித்தப்பையில் கல். உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். அதே வாரம் துணை இயக்குநர் வேதகிரி வருகிறார் என்று தகவல். பார்க்க ஆளே வராத இடத்தை எதற்கு நடத்த வேண்டும், பூட்டிவிட்டுப் பொருள்களை ஜில்லா தலைநகருக்கு ஏற்றிவிடலாமா என்று முடிவு செய்ய வருகிறார்.

ஆட்டோவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி ஞானசௌந்தரி சொன்னார்:

"கோதண்டம், எலித் தொல்லை ஜாஸ்தியா இருக்கு. புலி மேல ஒரு கண் வைங்க. வாசல்ல இருக்கிற கல்வெட்டுக்குப் படி எடுத்து வைங்க, அவர் கேப்பார். நடுகல் மூலையில சாஞ்சு கிடக்கு, அதைச் சரியா வைங்க. முக்கியமா, வர்றவரைத் தாங்கு தாங்குன்னு தாங்கணும். அவர் மனசு வெச்சாத்தான் இந்த இடம் மிஞ்சும்."

"சரிங்க மேடம்," என்றார் கோதண்டம். ஆட்டோ போனது. கண்ணைத் துடைத்துக்கொண்ட பவுனம்மாள், மேடம் வயிற்றிலிருந்து எடுக்கிற கல்லை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று கேட்டார். மூவரும் ஒரு பெட்டியைக் காலி செய்து வைத்துவிட்டு வேலையில் இறங்கினார்கள்.

முதலில் புலி.

"புலிக்கு ஏற்கெனவே ரெண்டு கண் இருக்கே, அண்ணே," என்றார் அய்யாக்கண்ணு.

"அது முகத்துல இருக்கு. மேடம் மேலன்னு சொன்னாங்க."

"எலி எப்பவும் பின்பக்கமாத்தான் வருது," என்றார் பவுனம்மாள். "மேடம் யோசிக்காமச் சொல்லுவாங்களா?"

நியாயம்தான். பெரிய கோலிக்குண்டு ஒன்றை வாங்கி வந்து, புலியின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் ஒட்டினார்கள். வால் பக்கமிருந்து பார்த்தால் புலி முறைப்பது போலவே இருந்தது.

அடுத்தது படி. கல்வெட்டுக்குப் படி எடுப்பது என்றால், கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றி, எழுத்தைப் பிரதி எடுப்பது. ஞானசௌந்தரி அதைப் பலமுறை செய்திருக்கிறார். அந்த நேரமெல்லாம் இவர்கள் மூவரும் டீ வாங்கப் போயிருந்தார்கள்.

"வாசல்ல படி இருக்கு. எந்தப் படின்னு சொல்லலையே," என்றார் கோதண்டம்.

"எந்தப் படின்னு சொல்லலைன்னா எல்லாப் படியும்தான்," என்றார் அய்யாக்கண்ணு.

கடப்பாரை வந்தது. ஜமீன்தார் காலத்துக் கருங்கல் படிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக் கல்வெட்டின் பக்கத்தில் அடுக்கினார்கள். கல்வெட்டுக்கு இப்போது வேண்டிய படி இருந்தது. கட்டடத்துக்குத்தான் இல்லை.

நடுகல்லில் சின்னத் தகராறு. நடுகல் என்றால் நடுவில் வைக்க வேண்டிய கல் என்றார் கோதண்டம். நாற்று நடுகிற மாதிரி நட வேண்டிய கல் என்றார் அய்யாக்கண்ணு. டீ ஆறும்வரை பேசிவிட்டு, இரண்டு கட்சிக்கும் பொதுவாக, வளாகத்துப் பாதையின் நடுவில் குழி வெட்டி நட்டார்கள். பவுனம்மாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்.

வேதகிரியின் ஜீப் அந்த வீரனைக் கண்டு நின்றது. வேதகிரி இறங்கினார். கனமான உடம்பு, கண்டிப்பான மீசை. வாசலுக்கு வந்து பார்த்தார். இடுப்பு உயரத்தில் தரை இருந்தது.

"படி எங்கய்யா?"

"எடுத்து வெச்சிட்டோம் சார்," என்றார் கோதண்டம், பெருமையாக.

வேதகிரி ஒரு காலைத் தூக்கி வைத்து எம்பினார். சறுக்கினார். அவர் விழுவதற்குள் கோதண்டம் ஒரு கையையும் அய்யாக்கண்ணு மறு கையையும் பிடித்துத் தாங்கிவிட்டார்கள்.

"நல்லது, விடுங்க," என்றார் வேதகிரி.

"விட முடியாது சார். மேடம் தாங்கு தாங்குன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அதான் ரெண்டு பேரு."

ஆக, தரையில் கால் படாமலே துணை இயக்குநர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தார். திமிங்கலத்தின் தாடையைப் பார்த்தார். புலியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கண்ணு சார். எலிக்காக."

வேதகிரி கண்ணை மூடிக்கொண்டார். இந்த இடத்தை இன்றைக்கே பூட்டுவது என்று அந்த நிமிஷம் அவர் முடிவு கட்டியதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

தாழி இருந்த அறைக்கு வந்தபோது தாங்கியவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. உட்கார வைக்க அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை. கோதண்டம் சுற்றிலும் பார்த்தார். பானையின் கீழே அரசாங்கமே எழுதி வைத்திருந்தது: முதுமக்கள் தாழி.

"சார் எப்ப ரிட்டயர்டு ஆகுறீங்க?"

"வர்ற மாசம். ஏன்?"

"அப்பச் சரியா இருக்கும். பஸ்ல முதியோர் இருக்கை இருக்கிற மாதிரி, இது உங்க மாதிரிப் பெரியவங்களுக்குத்தான்," என்று சொல்லி, இருவரும் அவரை மெதுவாக, மரியாதையாக, உள்ளே இறக்கினார்கள்.

இறக்கியது சுலபமாக இருந்தது. திரும்ப எடுக்கத்தான் முடியவில்லை. தாழியின் வாய் இறங்குகிறவர்களுக்காகச் செய்தது. ஏறுகிறவர்களை அந்தக் குயவர் எதிர்பார்க்கவில்லை.

"சம்மட்டி கொண்டு வரட்டா?" என்றார் அய்யாக்கண்ணு.

"பொருளைச் சேதப்படுத்தினா வேலை போயிரும்," என்றார் கோதண்டம்.

"அப்ப சாரை?"

"சார் நம்ம பொருள் இல்லையே. அவரைச் சேதப்படுத்தினா என்ன ஆகும்னு தெரியலை. மேடத்தைத்தான் கேக்கணும்."

"தாழி மேல கை வெச்சா உங்களைத் தொலைச்சிருவேன்," என்றது உள்ளேயிருந்து வேதகிரியின் குரல். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் அவர் பயந்தது தனக்காக இல்லை, பானைக்காக. மனிதர் வாலிப வயதிலிருந்து தாழிகளை ஆராய்ந்தவர். மேஜை நாற்காலி உத்தியோகம் வந்த பிறகு ஒரு தாழியைக்கூட அவர் தொட்டதில்லை.

உள்ளே விரல் மண்சுவரைத் தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "டார்ச் இருந்தா கொடுங்க," என்றார். கொடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் இப்படி," என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். அப்புறம் வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"இங்க ஒரு மீன் கீறியிருக்கு. பக்கத்துல ஏதோ எழுத்து. இதை யாரும் பார்த்ததே இல்லை."

"உயிரோட யாரும் உள்ள போனதில்லை சார்," என்றார் பவுனம்மாள்.

அதற்குள் ஜீப் டிரைவர் டீக்கடையில் வாயைத் திறந்துவிட்டார். செத்த காலேஜில் பானைக்குள் ஒருத்தர் உயிரோடு இருக்கிறாராம் என்று ஊர் முழுக்கப் பரவியது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள் கூடையோடு வந்தார்கள். படி இல்லாததால் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு ஏறினார்கள். வேதகிரி தாழியின் விளிம்புக்கு மேல் தலையை நீட்டி, அந்தக் காலத்து ஜனங்கள் செத்தவர்களோடு நெல்லும் மணியும் வைத்துப் புதைத்ததை எல்லாம் விளக்கினார். ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள். அவர் பேச்சை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டு வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

ஞானசௌந்தரிக்கு மயக்கம் தெளிந்ததும் போன் போனது. கோதண்டம் விவரமாகச் சொன்னார்.

"முதல்ல அவரை வெளிய எடுங்க," என்றார் ஞானசௌந்தரி.

எடுத்தார்கள். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தாழியோடு தூக்கி வெளித் தாழ்வாரத்தில் வைத்தார்கள். காற்றோட்டமாக இருந்தது. திரும்பவும் போன் போனது.

"பானையிலிருந்து வெளிய எடுங்க. விளக்கெண்ணெய் ஊத்தி எடுங்க," என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

எண்ணெய் ஊற்றினார்கள். வேதகிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார், பிறந்த குழந்தை மாதிரி பளபளவென்று. தாழிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் முதலில் அதைத்தான் தடவிப் பார்த்தார். சட்டையிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட அங்கேயே உட்கார்ந்து உத்தரவு எழுதினார். இந்த அருங்காட்சியகத்துக்கு மக்கள் திரளாக வருகிறார்கள், மூட வேண்டியதில்லை. இங்குள்ள பொருள் எதையும் இடம் மாற்றக்கூடாது, குறிப்பாக இங்குள்ள ஊழியர்களின் கையால்.

போனில் அதைக் கேட்ட ஞானசௌந்தரி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அழுதுவிட்டாராம். தையல் வலித்ததால் சிரிக்க முடியாமல் அழுததாக நர்ஸ் சொன்னார்.

மறுநாள் காலை கூட்டம் இன்னும் பெருத்துவிட்டது. பானைக்குள் இருக்கிற ஆளைப் பார்க்க வேண்டும் என்று நின்றார்கள். ஆள் போய்விட்டார் என்று கோதண்டம் சொன்னதை யாரும் நம்பவில்லை. மேடத்துக்குப் போன் போட்டார்.

"தாழியில ஒண்ணும் இல்லைன்னு எழுதிப் போடுங்க," என்றார் ஞானசௌந்தரி.

அய்யாக்கண்ணு ஒரு தாளில் 'இதில் ஒன்றும் இல்லை' என்று அழகாக எழுதினார். நாலாக மடித்துத் தாழிக்குள் போட்டார்.

"உள்ள என்னமோ போட்டாங்க," என்றது கூட்டம். என்னவென்று பார்க்க, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பொன்னம்பலம் முன்வந்தார். வயது தகுதியாக இருந்ததால் மூவரும் அவரை மரியாதையாக இறக்கிவிட்டார்கள்.

"இதில் ஒன்றும் இல்லை," என்று உள்ளேயிருந்து வாசித்தார் பொன்னம்பலம். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அண்ணே, இப்ப உள்ள வாத்தியார் இருக்காரே," என்றார் அய்யாக்கண்ணு. "எழுதினது பொய்யாயிருச்சு."

"அரசாங்க இடத்துல பொய் இருக்கக்கூடாது," என்றார் கோதண்டம். "திருத்தி எழுதிப் போடு."

அய்யாக்கண்ணு இன்னொரு தாளில் 'இதில் வாத்தியாரை தவிர ஒன்றும் இல்லை' என்று எழுதி, மடித்து உள்ளே போட்டார்.

"ஐயா, இப்பச் சரியா இருக்கான்னு பாருங்க," என்று குனிந்து கேட்டார் பவுனம்மாள்.

தாழிக்குள் தாள் பிரிகிற சத்தம் கேட்டது.

"'வாத்தியாரை'க்கு அப்புறம் ஒரு 'த்' விட்டுப்போச்சு," என்றது குரல். "பேனாவைப் போடுங்க."

அய்யாக்கண்ணு பேனாவைப் போட்டார்.