கீழே விழுந்ததெல்லாம் கருவூலத்துக்கு

முன்னொரு காலத்தில், கடலுக்கு முகத்தையும் மலைக்கு முதுகையும் காட்டிக்கொண்டு ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைச் சொன்னால் அங்கிருந்து சுங்கம் கேட்டு ஆள் வந்துவிடும். ஆகவே பெயர் வேண்டாம். அந்த ராஜ்யத்து மன்னர் நல்லவர்தான். ஆனால் சாப்பாடு முடிந்ததும் கிராம்பும் பச்சைக் கற்பூரமும் வைத்து வெற்றிலை போட்டாக வேண்டும். போட்டால்தான் வழக்கு விசாரிப்பார், போட்டால்தான் சிரிப்பார். போடாத நாளில் அவர் எதிரே போனவன் வீடு திரும்பி விளக்கேற்றிக் கும்பிடுவான்.

தம் கையால் மடிக்கும் முதல் வெற்றிலையை மன்னர் தாம் போட்டுக்கொள்ள மாட்டார். பக்கத்து ஆசனத்தில் இருக்கும் விதூஷகன் பிச்சாண்டியிடம்தான் நீட்டுவார். பிச்சாண்டி கடைத்தெருவில் பிறந்து, தராசுத் தட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவன். ஒரு மனிதன் கடைக்குள் நுழையும்போதே அவன் எதை வாங்க வந்திருக்கிறான், எதை வேண்டாம் என்று நடிப்பான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு வெற்றிலை தினமும் அவன் வாய்க்குள் போவதைப் பார்த்துச் சுங்கத் தலைவர் கச்சிராயருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் தாம்பூலத் தட்டில் வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, சுண்ணாம்பு இருந்தது. மன்னர் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"கிராம்பு எங்கே?"

"கப்பலில் இருக்கிறது, மகாராஜா" என்றான் தட்டு ஏந்தியவன்.

"கப்பல் எங்கே?"

"கடலில் இருக்கிறது, மகாராஜா. துறையில் சரக்கிறக்குகிறவர்கள் எல்லாரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்."

விஷயம் இதுதான். அந்தத் துறையில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். சரக்கைத் தோணியில் ஏற்றி, அலையைத் தாண்டி, இடுப்பளவுத் தண்ணீரில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, கிடங்கு வாசலில் விரித்த பாயில் இறக்குவார்கள். மூட்டை என்றால் தையல் விடும். தையல் விட்டால் சிந்தும். தோணியிலும் கரையிலும் பாயிலும் சிந்தியது சுமைகாரருக்கு என்பது துறை தோன்றிய நாள் முதல் வழக்கம். அதற்குச் சிந்தல் என்று பெயர். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதைக் கூட்டி, மண் போகச் சலித்து, சாயங்காலச் சந்தையில் விற்பார்கள். கூலி அரிசிக்கு, சிந்தல் மற்ற எல்லாவற்றுக்கும் என்று குடும்பங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கச்சிராயருடைய கண் அந்தப் பாயின்மேல் விழுந்தது. மன்னர் வாய் நிறைய வெற்றிலை இருந்த நேரமாகப் பார்த்து ஓர் ஆணைக்கு முத்திரை வாங்கினார். "கப்பலுக்கும் கிடங்குக்கும் நடுவே கீழே விழுவது எதுவாயினும், எவருடையதாயினும், அது கருவூலத்தைச் சேரும். கருவூலத்தில் வைத்துப் பூட்டப்படும். யார் கேட்டாலும் திருப்பித் தரப்பட மாட்டாது." ஒரு மிளகும் தப்பக்கூடாது என்று ராயரே யோசித்து யோசித்துக் கோத்த வாசகம் அது. தண்டோரா போட்டு முடிந்ததும் சுமைகாரர்கள் சுமை தாங்கத் தலையில் சுற்றியிருந்த சும்மாட்டைக் கழற்றி மணலில் வைத்தார்கள். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

மன்னர் படைவீரர்களை அனுப்பித் தோணி தள்ளச் சொன்னார். முதல் அலையிலேயே தோணி கவிழ்ந்தது. ஈட்டியோடு போனவர்கள் ஈட்டி இல்லாமல் வந்தார்கள். அலையின் போக்கு தெரிந்தவர்கள் மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

நாளாக ஆக ராஜ்யமே சுருங்கியது. அரசியாருக்குப் பன்னீர் இல்லை. வைத்தியரிடம் ஜாதிக்காய் இல்லை. கப்பலிலேயே நின்ற குதிரைகள் கரையைப் பார்த்துக் கனைத்தன. கடைத்தெருவில் பழைய சரக்கு வைத்திருந்தவர்கள் மட்டும் நாட்டுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே விலையை ஏற்றினார்கள். இன்னும் தாமதமானால் அடுத்த நாட்டுத் துறைக்குப் பாய் விரிக்கப்போவதாகக் கப்பல் தலைவர்கள் சொல்லி அனுப்பினார்கள். ஒருமுறை வேறு கடைக்குப் பழகிய வாடிக்கைக்காரன் எப்படியோ, அப்படித்தான் கப்பலும். திரும்பி வராது.

சபை கூடியது. மன்னர் முகம் வெறும் பாக்கைப் போலத் துவர்த்திருந்தது.

"மன்னா, முத்திரை வைத்த ஆணையை இவர்களுக்காகத் திரும்பப் பெற்றால், நாளை அரண்மனைச் சமையற்காரனும் உட்கார்ந்துகொள்வான்" என்றார் கச்சிராயர். "நம் பிச்சாண்டியார் வாயாலேயே வாழ்கிறவர். அவர் போய்ப் பேசிச் சரக்கை இறக்கட்டும். ஆணையில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. பௌர்ணமிக்குள் இறங்காவிட்டால், அவரே சும்மாடு கட்டிக்கொண்டு துறையில் மூட்டை தூக்கட்டும். அவர் ஆசனத்துக்குத் தகுந்த ஆள் கிடைக்காமலா போய்விடும்?"

சொல்லிக்கொண்டே அந்த ஆசனத்தின் அகலத்தை ஒரு பார்வை அளந்தார். கிராம்பில்லாத மன்னருக்கு நியாயம் அநியாயம் தெரியவில்லை. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

பிச்சாண்டி எழுந்து வணங்கினான். "உத்தரவு, மன்னா. சரக்கு வாங்குமுன் தரம் கேட்பது என் பழக்கம். இந்த ஆணை எல்லாருக்கும் பொதுவா?"

"எனக்கும் சேர்த்தே பொது. ஓர் எழுத்தும் மாறாது."

"இது ராயர் கேட்டுத் தாங்கள் அருளியது. கேட்டவரே வேண்டாம் என்று திருப்பித் தந்தால்?"

"கேட்டவனே மனமொப்பித் திருப்பினால் பெற்றுக்கொள்வது மரபுதான்."

கச்சிராயர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "நானா? கடல் வற்றி அதில் கத்தரிக்காய் காய்க்கட்டும், பிச்சாண்டியாரே. கூடையோடு வந்து திருப்பித் தருகிறேன்."

பிச்சாண்டி நேரே துறைக்குப் போனான். சுமைகாரர் தலைவன் வன்னிமுத்து மணலில் படுத்திருந்தான். அவன் மனைவி செவந்தாயி சும்மா கிடந்த முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். பிச்சாண்டியைப் பார்த்ததும் ஒரு சும்மாட்டை எடுத்து நீட்டினாள்.

"வா தம்பி. பௌர்ணமிக்கு அப்புறம் உனக்கு வேணுமாமே? நல்லதாப் பார்த்து எடுத்து வெச்சிருக்கேன்."

"தலைக்குச் சரியாக இருக்குமா அக்கா?"

"உள்ளே ஒண்ணும் இல்லாத தலைக்கு எது வெச்சாலும் சரியாத்தான் இருக்கும். எங்க பக்கம் பேசுறவனா இருந்தா, அங்கேயே அந்த ஆளு வாயை அடைச்சிருக்க மாட்டே?"

பிச்சாண்டி சும்மாட்டைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தான். "எனக்கு ஒரே ஒரு சுமை தூக்கித் தரணும் வன்னிமுத்து."

"அண்ணே, வேற எது வேணா கேளு. ஒரு மூட்டைகூட ஆகாது."

"மூட்டை இல்லை. ராயர்."

வன்னிமுத்து எழுந்து உட்கார்ந்தான். புதிதாக வந்த கப்பலின் சரக்கறை முத்திரையைச் சுங்கத் தலைவரே ஏறிப் போய் உடைத்தால்தான் சரக்கைத் தொடலாம் என்பது துறை விதி. கப்பலின் சிறு படகு அலைக்கு அப்பால் வந்து நிற்கும். அதுவரை அதிகாரியின் பட்டு நனையாமல் யாராவது தோளில் சுமந்து போக வேண்டும்.

"அவரைத் தூக்குறது புதுசா?" என்றான் வன்னிமுத்து. "போறப்ப ஒரு கனம், வர்றப்ப ஒரு கனம்."

"அதைத்தான் கேட்க வந்தேன்."

"கப்பலுக்குப் போனா மடி நெறைய அள்ளிக்கட்டிக்காம வரமாட்டாரு. வர்ற வழியெல்லாம் ஒரு கை என் தலையில, ஒரு கை மடியில. எப்பவும் ரெண்டு பசங்க ரெண்டு பக்கமும் தாங்கிக்குவாங்க. இப்ப அவனுங்க உட்கார்ந்திருக்கானுங்க. வந்தா நான் ஒருத்தன்தான் வரணும்."

"நீ கீழே போட்டுவிடக் கூடாது."

வன்னிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா? இன்னிவரைக்கும் ஒரு மூட்டை தண்ணியில விட்டதில்லண்ணே. ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கச் சொல்லுவேன். பிடிச்சுக்கிட்டா பூ மாதிரி இறக்கிவிடுவேன். மூட்டை மூட்டையாட்டம் இருந்தாச் சரி."

"அது போதும்" என்றான் பிச்சாண்டி.

பௌர்ணமியன்று காலையில் மன்னர் துறைக்கு வந்து குடைநிழலில் அமர்ந்தார். சரக்கு இறங்கும் என்ற நம்பிக்கையில் தாம்பூலத் தட்டும் கூட வந்திருந்தது. புதிதாக வந்த கப்பலின் முத்திரையை உடைக்கக் கச்சிராயர் புதுப் பட்டில் வந்தார். ஒற்றை ஆளாக வன்னிமுத்து குனிந்து நின்றதும் முகத்தைச் சுளித்தார்.

"மற்றவன்கள் எங்கே?"

"அவங்க ஆணையை மதிச்சு உட்கார்ந்திருக்காங்க சாமி."

போகும்போது ராயர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பத்திரமாகவே போய்ச் சேர்ந்தார். முத்திரையை உடைத்தார். வெகுநேரம் சரக்கறைக்குள் 'ஆராய்ந்தார்'. திரும்பி வந்து தோளில் ஏறியபோது வன்னிமுத்துவின் முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

"சாமி, ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்குங்க."

"எனக்குத் தெரியும், நடடா."

"பெரிய அலை வருது சாமி. மடியை விட்டுட்டுத் தலையைப் பிடிங்க!"

ராயரால் எதையும் விடமுடியும், மடியை மட்டும் விடமுடியாது. அலை முதுகில் அறைந்தது. வன்னிமுத்து ஆடாமல் நின்றான். ராயர் நிற்கவில்லை. தலைகீழாகப் போய், ஒரு சுற்று உருண்டு, மன்னரின் குடைநிழலுக்கு எதிரே ஈரமணலில் வந்து கிடந்தார். மடி அவிழ்ந்தது. நுரையோடு நுரையாகக் கிராம்பு மன்னரின் காலடிவரை மிதந்து வந்தது.

ராயரைத் தூக்க இரண்டு காவலர் ஓடினார்கள்.

"தொடாதீர்கள்!" என்று பிச்சாண்டி கையை உயர்த்தினான். "அது கருவூலச் சொத்து!"

"என்ன உளறுகிறாய்?" என்றார் மன்னர். அவர் கண் கிராம்பைவிட்டு அகலவில்லை.

"கப்பலுக்கும் கிடங்குக்கும் நடுவே கீழே விழுவது எதுவாயினும், எவருடையதாயினும், கருவூலத்தைச் சேரும் என்பது தங்கள் ஆணை, மன்னா. ராயர் கப்பலிலிருந்து வந்தார். கிடங்கை அடையவில்லை. நடுவே விழுந்திருக்கிறார். ராயரின் மனைவிமக்கள் வந்து கேட்டாலும் தருவதற்கில்லை. செவந்தாயி அக்கா, துடைப்பம்!"

செவந்தாயி துடைப்பத்தோடு தயாராகத்தான் இருந்தாள். ராயரின் காலடியிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். "கொஞ்சம் புரண்டு படுங்க சாமி. அடியில நாலு கிராம்பு மாட்டியிருக்கு."

"மன்னா! இந்தக் கோமாளி என்னை…"

"பொதுவான ஆணை, ராயரே" என்றார் மன்னர். ஒரு கிராம்பைக் குனிந்து எடுத்து முகர்ந்தார். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "ஓர் எழுத்தும் மாறாது. காவலர்களே, பூட்டுங்கள்."

ராயரை வாரிக்கொண்டு போய்க் கிடங்கை ஒட்டிக் கருவூலத்துக்கென்று ஒதுக்கிய அறையில், ஆணை போட்ட அன்று மண்ணோடு கூட்டி வைத்த சிந்தல் குவியலின் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்கள். மிளகுத் தூசியில் அவர் போட்ட தும்மல் கடற்கரை முழுக்கக் கேட்டது.

பிச்சாண்டி சாளரத்தருகே போனான். "வசதியாக இருக்கிறதா ராயரே? கருவூலச் சரக்கில் வண்டு விழாமல் அவ்வப்போது வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். மற்றபடி தொந்தரவு இருக்காது."

"பிச்சாண்டி… ஹச்… எவ்வளவு நாள்?"

"திருப்பித் தரப்பட மாட்டாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வாசகம் மிக அழகு."

உள்ளே தும்மல்மேல் தும்மலாகக் கேட்டது. பிறகு, "மன்னா!" என்றது குரல். "நான் கேட்ட ஆணையை நானே மனமொப்பித் திருப்பித் தருகிறேன்!"

"கடல் வற்றிவிட்டதா ராயரே?" என்றான் பிச்சாண்டி. "கூடை கொண்டுவரச் சொல்லட்டுமா?"

மன்னர் அப்போது அடக்கமுடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். வெற்றிலை போடாமல் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அங்கேயே தண்டோரா போடச் சொன்னார்: ஆணை போயிற்று, பழைய வழக்கமே வழக்கம், சிந்தல் சுமைகாரருக்கே.

கதவைத் திறந்தார்கள். ராயர் ஒரு காலை வெளியே வைத்தார்.

"நில்லுங்கள்" என்றான் பிச்சாண்டி. "பழைய வழக்கம் வந்துவிட்டதே, மன்னா. அப்படியானால் கீழே விழுந்த ராயர் இனி இவர்கள் சொத்து. செவந்தாயி அக்கா, எடுத்துக்கொள்கிறீர்களா?"

செவந்தாயி ராயரை மேலும் கீழும் பார்த்தாள். முறத்தை ஒருமுறை தட்டிக்கொண்டாள். "வேணாம் தம்பி. இதைச் சலிச்சா மண்ணுதான் மிஞ்சும்."

கரை அதிர்ந்தது. மணலில் இருந்த சும்மாடெல்லாம் தலைக்கு ஏறின. தோணிகள் அலையில் இறங்கின. சிறிது நேரத்தில் முதல் மூட்டை பாயில் வந்து விழுந்தது. ராயரின் சுங்கப் பதவி அன்றோடு போயிற்று.

மன்னர் கிராம்பும் கற்பூரமும் வைத்து முதல் வெற்றிலையை மடித்துப் பிச்சாண்டியிடம் கொடுத்தார். பிறகு, இன்னும் சிரித்துக்கொண்டே, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் பக்கம் நீட்டினார். சிரிப்பில் கை குலுங்கியது. மாலை நழுவி, கிடங்கு வாசலில் விரித்திருந்த பாயின்மேல் விழுந்தது.

பிச்சாண்டி மாலையைப் பார்த்தான். மன்னர் பிச்சாண்டியைப் பார்த்தார். செவந்தாயி இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குத் துடைப்பத்தை எடுத்து, கிராம்போடு சேர்த்து மாலையையும் முறத்தில் கூட்டிக்கொண்டு போனாள்.

பிச்சாண்டி வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு, கிடங்கைச் சுற்றி நடந்து, அதன் பின்சுவருக்கு அப்பால், துடைப்பம் வராத இடத்தில் போய் நின்று இரண்டு கையையும் ஏந்தினான்.

"மன்னா! மோதிரம் ஏதாவது கொடுப்பதாக இருந்தால், இந்தப் பக்கம் வாருங்கள்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றியபடியே அந்தப் பக்கம் போனார்.