தங்கப்பழம் டிவியின் பவர்

கிரீச்... கிரீச்... மொட்டைமாடியில் யாரோ இரும்பை அறுக்கும் சத்தம். சாப்பிட்டுக்கொண்டிருந்த சூசைமாணிக்கம் கைகூடக் கழுவாமல் படியேறி ஓடினார்.

ஊரின் குட்டி ஒளிபரப்பு நிலையமாக இருந்த தங்கப்பழம் டிவியின் கம்பத்தில் ரம்பத்தை வைத்திருந்தான் பழைய இரும்பு வியாபாரி காளிராசு. நிலையம் மூடிப் பல வருஷமாச்சு. துருப்பிடித்த கம்பம் காற்றுக்கு விழுந்துவிடும் என்று வீட்டு ஓனர் ஆளனுப்பிவிட்டார். இந்த ஒற்றைக் கம்பமும் போய்விட்டால், தான் ஒரு காலத்தில் டிவி ஆபரேட்டர் என்பதற்கு ஊரில் வேறு சாட்சி கிடையாது. சண்டைபோட உடம்பில் தெம்பில்லை, வாயில் இருந்தது.

"தம்பி, எதுல கை வைக்கிறன்னு தெரியுமா உனக்கு? வெறும் பத்து வாட்டு. ஆனா பவரு! சமையல் நிகழ்ச்சி போட்டா நாலு தெருவுக்கு வாசம் அடிக்கும். எவ வீட்லயும் குழம்பு வைக்க மாட்டா. வெறுஞ்சோத்தோட டிவி முன்னாடி உக்காந்துருவாங்க."

"தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, துரு கண்ணுல தெறிக்கும்."

"கேளுப்பா. ஒரு கோடையில மழை சீன் வர்ற படம் போட்டேன். கீழத்தெருவுல குடை பிடிச்சுட்டுப் பாத்தாங்க. தாசில்தாரே மூச்சிரைக்க ஓடியாந்து, 'படத்த நிறுத்துய்யா, கண்மாய் உடைஞ்சிரும்'னு கும்பிட்டாரு!"

காளிராசு சிரித்துவிட்டான். ரம்பம் நின்றது. அது போதும். சூசைமாணிக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பொறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் அடுத்தடுத்து ஓடும். ஒரு நா போட்டோவ மாத்திப் போட்டுட்டேன். செத்துப்போன மரக்கடை சங்கிலிமாடன் படத்துக்குக் கீழ 'நூறாண்டு வாழ்க'! பாடையில கிடந்த மனுசன் எந்திரிச்சு உக்காந்து, 'கேக்கு எங்கடா?'ன்னுட்டாரு."

"அப்ப பொறந்தநாள்காரரு கதி?"

சூசைமாணிக்கம் இதை யோசித்திருக்கவில்லை. ஒரு கணம்தான்.

"நல்லவேளை, அவரு வீட்ல அன்னைக்குக் கரண்டு இல்ல."

பின்னால் வாளி வைக்கும் சத்தம். அவர் மனைவி பிலோமினா.

"இவ்வளவு பவரு இருந்துச்சே, நேர் கீழ இருந்த நம்ம வீட்டு டிவியில ஒரு நாளாவது படம் தெரிஞ்சுதா?"

காளிராசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிலோமினா அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ போயிட்டு வா தம்பி. இந்தக் கம்பத்துலதான் கொடி கட்டியிருக்கேன். துணி காயணும்."

"எப்பக்கா காயும்?"

"எங்க வீட்டுத் துணி லேசுல காயாது. வீட்டு ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவன் ரம்பத்தோடு இறங்கிப் போனான். சூசைமாணிக்கம் வாளியை எட்டிப் பார்த்தார். நேற்றே துவைத்து உலர்த்தி மடித்து வைத்த போர்வை, சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது.

எச்சில் கையை வாளித் தண்ணீரில் அலசப் போனவரை அவள் முறைத்தாள். லுங்கியில் துடைத்துக்கொண்டு போர்வையின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் பிழிய ஆரம்பித்தார்கள்.