உட்காரச் சொல்லாத ராஜாவும் மூணு கிரீடமும்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி... அட, ஏன் நிக்கிறீங்க? முதல்ல உட்காருங்க. நின்னுக்கிட்டே கேட்கிற கதை இல்லை இது. எனக்கும் உடம்பு அலுப்பா இருக்கு, சுருக்கா சொல்லிடுறேன்.

இப்போ ஸ்வீடன்னு சொல்றோமே, அந்தப் பனி தேசத்திலே ஒரு ராஜா. இருக்கிறது ஒரு தலை. அக்கம்பக்கத்து ராஜாக்கள்கிட்டே பிடுங்கினதையும் சேர்த்து கிரீடம் மூணு! மூணையும் வெச்சா கழுத்து ஒடியுது, கழற்றவும் மனசு வரலை. அவன் எதிரிலே யாரும் உட்காரக் கூடாதுன்னு ஒரு சட்டம் வேற.

கழுத்துவலி தாங்காம மந்திரவாதியைக் கூப்பிட்டான். அவன் பெரிய நீலக் கேடயம் செஞ்சு, மூணு கிரீடத்தையும் அதிலே பதிச்சான். தூக்கிப் பிடிக்க ஆள் வேணுமே? வாசல் காவல்காரன் ஹோக்கனையும் அவன் தம்பியையும் பார்த்து, "சூ!"ன்னு கோலைத் தட்டினான். ரெண்டு பேரும் தங்கச் சிங்கமாகி, பின்னங்காலிலே நின்னு, ஆளுக்கொரு பக்கம் கேடயத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"கேடயம் தரையிலே பட்டா இவங்க கல்லாயிடுவாங்க. யாரும் சொல்லிக்கொடுக்காம, ராஜா தானா ஒருத்தரைப் பார்த்து 'உட்கார்'னு சொன்னா மாயம் கலையும்"ன்னான் மந்திரவாதி.

"அப்போ கலைஞ்ச மாதிரிதான்!"னு ராஜா சிரிச்சான்.

வருஷங்கள் ஓடுச்சு. சிங்கங்க தலையை மட்டும் பின்னாலே திருப்பி, வீடு இருக்கிற திசையையே பார்த்துக்கிட்டு நின்னுதுங்க. பாவம், வேற என்ன செய்யும்?

ஹோக்கனோட பெண்டாட்டி சிக்னே, தையல்காரி. மந்திரவாதி சொன்னது அவ காதுக்கும் வந்திருந்தது. ராஜாவுக்குக் கொடி தைக்கணும்னு தெரிஞ்சதும், 'நான் நிக்கிறதைப் பார்த்தாவது அவருக்கு மனசு இரங்காதா'ன்னு அரண்மனைக்குப் போனா. முதல்ல நீலத் துணி கொண்டுபோனா.

"நில்லு! என்ன இது?"

"நம்ம ஏரித் தண்ணி நிறம், மகாராஜா."

பொழுது சாயற வரைக்கும் நின்னா. ராஜா இரங்கலை.

அடுத்து மஞ்சள் துணி கொண்டுபோனா.

"நில்லு! இது என்ன?"

"நம்ம கோடை வெயில் நிறம், மகாராஜா."

அன்னைக்கும் நின்னா. ஹூம், அந்த மனுஷன் வாயிலே அந்த ஒரு வார்த்தை வரணுமே!

மூணாவதா, நீலத்து மேலே மஞ்சள் சிலுவை வெச்சுத் தைச்சு எடுத்துட்டுப் போனா.

"நில்லு! சிலுவை நடுவிலே இல்லையே? கம்பத்துப் பக்கமா ஒதுங்கியிருக்கே?"

"அசதியிலே தைச்சது, மகாராஜா. பிரிச்சுத் தைக்க என் உடம்பிலே தெம்பில்லை."

அவ சொல்லி வாய் மூடலை, ஹோக்கன் சிங்கத்துக்குக் கால் மடங்கிடுச்சு. கேடயம் சரியுது! சிக்னே கொடியைப் போட்டுட்டு ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தா. தாங்கலை. "ஐயோ, என் கிரீடம்!"னு ராஜாவும் ஓடி வந்து முட்டுக் கொடுத்தான்.

ஒரு நிமிஷம்தான். முழங்கால் நடுங்குது, முதுகு விட்டுப்போகுது. "யப்பா! இதையா இவங்க இத்தனை வருஷம்...?" அப்போதான் சிங்கத்தோட முகத்தைக் கிட்டத்திலே பார்த்தான். கண்ணிலே தண்ணி வழிஞ்ச தடம்.

சிக்னேக்கு அந்த வார்த்தை நாக்கு நுனியிலே நிக்குது. சொல்லக் கூடாதே! உதட்டைக் கடிச்சுக்கிட்டா.

ராஜா அவளைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கும் கால் நடுங்குதேம்மா. விடு, நான் பிடிச்சுக்கிறேன். நீ உட்காரு."

அவ்வளவுதான்! சிங்கம் ரெண்டும் மனுஷங்களாகித் தரையிலே சரிஞ்சாங்க. ராஜா கேடயத்தை மெல்ல இறக்கினான், சட்டத்தையும் தூக்கினான். பிடுங்கின கிரீடம் ரெண்டையும் திருப்பி அனுப்பினான். மறந்துடக் கூடாதுன்னு மூணு கிரீடத்தையும் ரெண்டு சிங்கத்தையும் படமா மட்டும் வரைஞ்சு வெச்சான். சிலுவை ஒதுங்கின அந்தக் கொடியையே கம்பத்திலே ஏத்தினான். சரித்திரக்காரங்க வேற சொல்வாங்க, எங்க கதையிலே இப்படித்தான்.

ஹோக்கன் வீட்டுக்கு வந்தான். கதவுகிட்டேயே நின்னான். நின்னுக்கிட்டே இருந்தான், பழக்கம் விடலை.

"வந்துட்டீங்களே, உட்காருங்க"ன்னா சிக்னே.

அவன் அசையலை. அவ தோளைப் பிடிச்சு மெல்ல அழுத்தி உட்கார வெச்சா. உட்கார்ந்ததும் ஹோக்கன் குழந்தை மாதிரி அழுதான், அழுதுக்கிட்டே தூங்கிப்போனான். சிக்னேயும் பக்கத்திலே உட்கார்ந்தா.