பந்து விழும் இடம்

"டீச்சர், நான் எப்போ கூடையில பந்து போடுறது?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரமும் மற்றவர்கள் எறிந்த பந்தை ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

விளையாட்டு டீச்சர் ராஜகனிக்கு இருபத்தாறு வயது. அந்தப் பள்ளிக்கு அவளும் புதுசு.

அவள் ஒரு பந்தை எடுத்து எறிந்தாள். வளையத்தில் பட்டுத் தெறித்தது.

"எங்க விழுந்துச்சு?"

மாரீஸ்வரி சுவரோரமாகக் கை காட்டினாள்.

"அது உருண்டு போய் நின்ன இடம். நான் விழுந்த இடத்தைக் கேட்டேன்."

மாரீஸ்வரிக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாக்பீஸோடு வந்தாள். கூடையில் விழாத பந்து தரையில் எங்கே விழுந்தாலும் அங்கே ஒரு புள்ளி வைத்தாள். ஒரு மணி நேரத்தில் சிமெண்ட் தரை முழுக்கப் புள்ளி.

"கோலம் போட வந்திருக்கா" என்று மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்து டீச்சரிடம் போனாள்.

"வலது மூலையிலிருந்து போட்டா பந்து இடது பக்கம்தான் அதிகமா விழுது டீச்சர். தூரத்துல இருந்து போட்டா தள்ளித் தெறிக்குது. ஏன்?"

"தெரியலையே. நீ பார்த்துச் சொல்லு."

தெரியாது என்று சொன்ன டீச்சரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு புள்ளி வைப்பதை விட்டாள். பந்து விழுமுன் அங்கே போய் நிற்கத் தொடங்கினாள்.

மாவட்டப் போட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டாள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குபவள்.

"எத்தனை கூடை போட்ட?"

"ஒண்ணு."

"ஒண்ணுக்கா ரெண்டு பஸ் மாறிப் போன?"

"பதினாறு பந்து பிடிச்சேம்மா."

"பிடிச்சு?"

"கொடுத்தேன்."

 அம்மா சோறு போட்டாள்.

ஆனால் அந்தப் பதினாறு பந்துதான் அவளை விளையாட்டு ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்குக் கொண்டுபோனது. அங்கே மூன்று வருடம் ஆடினாள். ஐந்தடி எட்டு அங்குலத்தோடு உயரம் நின்றுவிட்டது.

அதன்பின் சென்னையில் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. போனாள்.

கோச் அவளுடைய ஃபைலைப் புரட்டினார்.

"ஒரு மேட்சுக்கு ஆறு பாயிண்ட்தான் எடுக்கிற. உயரமும் இல்ல. எதுக்கும்மா வந்த?"

"நீங்க ஒரு பந்து போடுங்க சார். கூடையில விழாத மாதிரி போடுங்க."

அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எறிந்தார். பந்து அவர் கையை விட்டுக் கிளம்பியதுமே அவள் நடக்க ஆரம்பித்தாள். ஓடக்கூட இல்லை. போய் நின்றாள். பந்து அவள் கைக்கு வந்தது.

இரண்டாவது பந்தும் வந்தது. மூன்றாவதும் வந்தது. நான்காவது அவளைத் தாண்டிப் போய்விட்டது.

அவள் பந்தைத் துரத்தவில்லை. அண்ணாந்து வளையத்தைப் பார்த்தாள்.

"இந்த வளையத்துல இடது பக்கம் மட்டும் ரொம்ப இறுக்கமா சார்?"

கோச் ஃபைலை மூடி, தேர்வானவர்களின் ஃபைல்களோடு வைத்தார்.

முதல் இரண்டு ஆட்டமும் நன்றாகப் போயின. மூன்றாவது ஆட்டத்தில் எதிரணியில் கோட்டயத்துக்காரி ப்ளெஸ்ஸி ஆடினாள். ஆறடி மூன்று அங்குலம். மாரீஸ்வரி சரியான இடத்தில்தான் போய் நின்றாள். ஒவ்வொரு தடவையும் அவள் தலைக்கு மேலே இரண்டு கைகள் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போயின.

நாற்பது நிமிடத்தில் அவளுக்குக் கிடைத்தது இரண்டே பந்து.

"நாளன்னைக்கு மறுபடியும் அவங்களோடதான் ஆட்டம். இப்படியே போனா உன்ன உட்கார வைக்கத்தான் வேணும்" என்றார் கோச்.

மறுநாள் காலை ராஜகனி டீச்சருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"நான் என்ன டீச்சர் தப்புப் பண்றேன்?"

"எனக்குத் தெரியல மாரீசு."

"வீடியோ அனுப்பட்டுமா?"

"அனுப்பு, பாக்குறேன். ஆனா நான் யூனிவர்சிட்டி டீமோட நின்னவ. அவ்வளவு பெரிய ஆளு எதிர்ல நான் ஆடினதே இல்ல."

"அப்போ நான் யார்கிட்டக் கேக்குறது?"

"அவகிட்டயே கேளு."

"அவங்க எதிர் டீம் டீச்சர்!"

"அதனால என்ன?"

மாரீஸ்வரி போனை வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

இரண்டு அணியும் ஒரே ஹோட்டலில்தான் தங்கியிருந்தன. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் ப்ளெஸ்ஸி தன் அணியோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முழங்காலில் ஐஸ் பை. சென்னையில் படித்தவள், தமிழ் பேசுவாள்.

மாரீஸ்வரி மேஜையருகே போய் நின்றாள். பேச்சு நின்றது.

"சேச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பந்து எங்க விழும்னு எனக்குத் தெரியுது. உங்களுக்கு முன்னாடியே போய் நிக்கிறேன். ஆனா நீங்களும் கரெக்டா அங்கயே வந்துடுறீங்க. நான் ஏழு வருஷமா பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டது சேச்சி. நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

பக்கத்தில் இருந்தவள் ப்ளெஸ்ஸியின் கையை அழுத்தினாள். "சொல்லாத. நாளைக்கு ஆட்டம் இருக்கு."

ப்ளெஸ்ஸி கையை விடுவித்துக்கொண்டாள். மாரீஸ்வரியை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"பந்தா? நான் பந்தைப் பார்க்கவே இல்லையே" என்றாள். "உன்னைத்தான் பார்த்துட்டிருந்தேன்."