காவல்மரத்தில் ஒரு நடுக்கால்

பகைமன்னனை வீழ்த்தியாகிவிட்டது. அவனுடைய காவல்மரத்தையும் வெட்டியாகிவிட்டது. தோற்றவனின் காவல்மரத்தில் வெற்றி முரசு செய்துகொள்வது அந்தக் காலத்து வழக்கம். அடிமரத்தை வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு, தளபதி பெருஞ்சேந்தன் குருவிடம் விடைபெறப் போனார். மனிதருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

குரு சாத்தனார் அவரைவிட வயதில் சிறியவர். கோட்டைக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்ட எயினியின் குடிசையில் தங்கியிருந்தார்.

"நாளைக் காலை படையோடு கிளம்புகிறேன், ஐயா. கொடுங்கோலன் ஒழிந்தான். அறுவடைக்குள் வீடு போய்ச் சேர வேண்டுமென்று வீரர்கள் துடிக்கிறார்கள்."

"அவன் தம்பி?"

"காட்டில் ஒளிந்திருக்கிறான்."

"நாம் போனதும் திரும்பி வந்தால், கதவைத் திறந்தவளை என்ன செய்வான்?"

"அது இவர்கள் பாடு, ஐயா."

சொல்லிவிட்டாரே தவிர, எயினியின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

குரு பேச்சை மாற்றினார். "குடிசையின் இந்த நடுக்காலைப் பாருங்கள். முழுக்கக் கறையான். பிடுங்கிப் போட்டால் தேவலை."

பலசாலிக்குச் சொல்லவா வேண்டும்? ஒரே இழுப்பு. கால் கையோடு வந்தது. கூரையும் கூடவே இறங்கியது. சேந்தன் பாய்ந்து தோளைக் கொடுத்தார்.

"அருமை! பிடுங்குகிற வேலை முடிந்தது. கிளம்புங்கள்" என்றார் குரு, கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே.

"எப்படிக் கிளம்புவது? கூரை இந்தப் பெண் தலையில் விழுமே!"

எயினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குரு அசரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க நின்ற சேந்தனுக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"யாரங்கே! வண்டியில் இருக்கிற மரத்தைக் கொண்டு வாருங்கள்!"

"தளபதி, அது முரசுக்கு..."

"முரசு கிடக்கட்டும். பிளந்து ஒரு கால் செதுக்குங்கள். சீக்கிரம்!"

செதுக்கி முடிக்கும்வரை தளபதிதான் தூண். எயினி ஒரு கலயம் கஞ்சி கொண்டுவந்து அவர் வாயருகே பிடித்தாள். போர் தொடங்கியதிலிருந்து அவ்வளவு ருசியாக அவர் எதையும் குடித்ததில்லை.

புதுக் கால் நின்றது. சேந்தன் மெல்லத் தோளை விலக்கினார். கூரை அசையவில்லை. நிறைவாக மூச்சு விட்டார்.

"ஐயா, இனி நான் எப்போது ஊருக்குப் போகலாம்?"

"என்னை ஏன் கேட்கிறீர்கள்? நாளைக்கு நான் வேறு ஊரில் இருப்பேன். இந்தக் கூரைக்குக் கீழே படுக்கப் போகிறவளைக் கேளுங்கள்."